பேர் சொல்லாமல் கூப்பிட்டது

கடல் முடிந்ததும் தேரி வரும். அது சண்முகக்கனிக்குத் தெரியும். இப்போதைக்கு டிவியில் கடல்தான். மணப்பாட்டுக் கடல், பாறை, பாறையில் ஏறி நின்று முந்தானையைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டுச் சிரிக்கிற பொற்கொடி அக்கா. ஆடி மாசம் தொழில் மந்தமாகக் கிடந்த நேரத்தில் அண்ணன் தம்பி இரண்டு குடும்பமும் சேர்ந்து ஒரு வேன் பிடித்துத் திருச்செந்தூர், மணப்பாடு, தேரிக்காட்டுச் செம்மணல்மேடு என்று சுற்றிவிட்டு வந்தார்கள். வர முடியாமல்போன நாத்தனார் அன்னலெட்சுமி இன்றைக்குத்தான் சிவகாசியிலிருந்து கோவில்பட்டிக்கு வந்திருக்கிறாள். வந்தவளை உட்காரவைத்து, மூத்தார் பெண்சாதியான பொற்கொடி தன் செல்லில் இருந்த படங்களையெல்லாம் டிவியில் ஓடவிட்டுக் கதை சொல்கிறாள். கனியின் புருசன் லிங்கராஜ் செல்லைக் கையில் வைத்துக்கொண்டு விரலால் தள்ளுகிறான். ஒரு தள்ளுக்கு ஒரு கடல். கனி அடுப்படி வாசலில் காலை மடக்கி உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள். புரட்டாசி, கறி கிடையாது, மதினிக்குக் கீரை பிடிக்கும். காம்பை இடது கையில் பிடித்து வலது கை விரலிடுக்கில் கொடுத்து இழுத்தால் இலை மொத்தமும் சொளகில் உதிரும். அந்த வேலைக்குக் கண் வேண்டியதில்லை. கண்ணை டிவிக்குக் கொடுக்கவும் பயம், கொடுக்காமல் இருக்கவும் பயம். அக்காவின் செல்லை அவள் தொட்டதே கிடையாது. எந்தப் படத்தில் எது விழுந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. தேரியில் அன்றைக்கு நடந்தது எதிலாவது விழுந்திருந்தால்? மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் போன பிள்ளை ஒன்றும், இந்தப் பக்கம் திரும்பி வந்த பிள்ளை ஒன்றுமாக, இரண்டும் ஒரே படத்தில் நின்றால்?

அவள் பிள்ளை டிவி மேசைக்குக் கீழே உட்கார்ந்திருந்தான். அப்பாவின் பஞ்சர் கடையிலிருந்து வந்த வால்வு மூடிகளை இடது உள்ளங்கையிலிருந்து வலது உள்ளங்கைக்குக் கொட்டுகிறான், வலதிலிருந்து இடதுக்கு. சத்தம் இல்லை. ஒன்றுகூடக் கீழே சிந்தவில்லை. மூன்று வயசு நிறையாத பிள்ளை சிந்தாமல் விளையாடுமா? முன்னால் இருந்தவன் சிந்துவான். முன்னால் இருந்தவன். இந்தா, வந்துவிட்டது, இந்த வார்த்தையை நினைக்கக் கூடாது என்றுதானே காலையில் கோலம் போடும்போதே தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் வருகிறது, பல்லிடுக்கில் மாட்டிக்கொண்ட நார் மாதிரி, நாக்கு அங்கேயேதான் போகிறது. முன்னால் இருந்தவன் சோற்றை இறைப்பான், குளிக்கக் கூப்பிட்டால் தெருமுக்குவரை ஓடுவான், ராத்திரி அவள் காதுமடலைத் திருகிக்கொண்டேதான் தூங்குவான், திருகித் திருகித் தோட்டுக்காது சிவந்து கிடக்கும். வந்தவன் தானாக எடுத்துத் தின்கிறான். சுவரைப் பார்த்துத் தூங்குகிறான். தண்ணி வேண்டுமென்றால் தம்ளரைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்துவிட்டு நிற்கிறான், கேட்பதில்லை. பக்கத்து வீடுகளில் ‘பிள்ளை எம்புட்டுப் பதவிசாயிட்டான்’ என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போகிறார்கள். யாரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. தேரிக்குப் போய்வந்த நாளிலிருந்து அவன் அவளை அம்மா என்று கூப்பிடவில்லை. அப்பா என்கிறான், பெரிம்மா என்கிறான், மதில்மேல் வந்து உட்காருகிற காக்காயைக்கூட வா வா என்கிறான். அவளைப் பார்த்ததும் வாய் மூடிக்கொள்கிறது. குளிப்பாட்டும்போது காதுக்குப் பின்னால் மடக்கிப் பார்ப்பாள். மிளகு உடைத்துப் போட்ட மாதிரி சின்ன மச்சம், அது இருக்கிறது. எத்தனை தடவை பார்த்தாலும் இருக்கிறது. இருந்தால் ஆயிற்றா? பிள்ளை மாதிரியே வரத் தெரிந்ததற்கு ஒரு மச்சம் வைத்துக்கொள்ளத் தெரியாதா?

“ஏ பொற்கொடி, நீ கடலப் பாக்கப் போனியா, கடலுக்கு ஒன்னையக் காட்டப் போனியா?” என்றாள் அன்னலெட்சுமி. “எல்லாப் படத்துலயும் நீதான் நிக்க. கடலு ஒன் கக்கத்து வழியா எட்டிப் பாக்கு.”

“போங்க மதினி. ஒங்க பெரிய தம்பிக்கு எடுக்கத் தெரிஞ்சது அம்புட்டுத்தான்.”

“கனி எங்க? இவ வந்தாளா, இல்ல வேன்லயே வச்சுப் பூட்டிட்டியளா?”

“அவளா? செல்லத் தூக்குனாலே தூணு தேடுவா. கடக்கரைல தூணுக்கு எங்க போக? எனக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டா. நான் அகலமாப் போனதுக்கு அவதான் காரணம்னு வையுங்க.”

லிங்கராஜ் சிரித்தான். “தேரிப் படம் ஒண்ணுல இருக்கா அக்கா. வரும்.”

வரும். இலை உதிர்கிறது. இவர் பார்த்திருக்கிறாரா? பார்த்துவிட்டுத்தான் சிரிக்கிறாரா? பார்த்திருந்தால் சிரிப்பாரா? காம்பு விரலில் சிக்கி ஒடிந்தது. அன்னலெட்சுமி முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள், “எப்பாடி, புரட்டாசிலயும் என்ன வெயிலு” என்றாள், அப்புறம் எதையோ நினைத்துக்கொண்டு அடுப்படிப் பக்கம் திரும்பினாள். “ஏட்டி கனி, நீ இன்னும் வெயிலுன்னு சொல்றதில்லையாமே?” பொற்கொடி முந்திக்கொண்டாள். “சொல்லவே மாட்டா மதினி. வத்தல் காயப்போட்டுட்டு வந்து ‘அக்கா, மாடில நல்லாச் சூடு அடிக்கு’ம்பா. நான் வெறகடுப்பப் பத்தவச்சுட்டாளோன்னு மேல ஓடுவேன்.” மூன்று பேரும் சிரித்தார்கள். கனியும் சிரித்துவைத்தாள், குனிந்தபடியே. மாமனார் பேர் வெயிலுமுத்து. அவர் போய்ச் சேர்ந்த வருசம் பிறந்தவனுக்கு அந்தப் பேரையே வைத்தார்கள். மாமனார் பேரை மருமகள் வாயால் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று கல்யாணத்துக்கு முந்தின நாள் தலைசீவி விடும்போது அம்மா சொல்லி அனுப்பினாள். பொற்கொடி அக்கா பன்னிரண்டாவது படித்தவள், அவளுக்கு அதெல்லாம் இல்லை, மாமா உயிரோடு இருக்கும்போதே சொல்லிவிட்டாள், அவரும் கோபித்துக்கொள்ளவில்லை. ஐந்தாவதோடு நின்றவள் கனி. செத்துப்போனவருக்கு இனிமேல் என்ன ஆயுசு குறையப் போகிறது என்று லிங்கராஜ்கூடக் கேட்டான். அவருக்குக் குறையாது. ஆனால் பேர் இப்போது அவரிடத்தில் இல்லையே, பிள்ளைமேல் அல்லவா இருக்கிறது? சொன்னால் யாருக்குக் குறையும்? இதை யாரிடம் போய்க் கேட்க முடியும்? கேட்டால் சிரிப்பார்கள். அதனால் ‘எய்யா’ என்று கூப்பிடுவாள். பிறந்த நாளிலிருந்து எய்யாதான். ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு அதுதான் பேர், கடைத்தெருவில் நின்று எய்யா என்றால் பத்துத் தலை திரும்பும். அவன் தலை முதலில் திரும்பும், அவளுக்கு அது போதும். போதும் என்றுதான் இருந்தது.

“நல்லவேளை, பாலையும் மறந்துட்டான்” என்றாள் அன்னலெட்சுமி, மேசைக்குக் கீழே குனிந்து பார்த்து. “போன தடவ வந்தப்போ பந்தியில பாதில எந்திரிச்சுப் போயி சேலைக்குள்ள தலையக் குடுத்துட்டானே. எனக்கே வெக்கமாப் போச்சு. பள்ளிக்கூடத்துக்கும் சாப்பாட்டுக் கூடையோட ஆத்தாளையும் தூக்கிட்டுப் போவான்னு நெனச்சேன். எப்படிட்டி மறக்கடிச்ச?”

“தானா விட்டுட்டான் மதினி” என்றாள் பொற்கொடி. “ஊருக்குப் போயிட்டு வந்ததுதான். கடக்காத்து பட்டதும் ஆம்பளையாயிட்டான்.”

தானா. கனியின் கை ஒரு நொடி நின்று மறுபடி இழுத்தது. பச்சைவாசம் எழுந்தது. முருங்கைப் பச்சை வேறு, வேம்புப் பச்சை வேறு, ஆனால் விரல் நிறம் ஒன்றுதான். திருச்செந்தூரில் தங்கின லாட்ஜுக்குப் பின்னால், துணி காயப்போடுகிற இடத்தில் ஒரு வேப்பமரம் நின்றது. கைக்கு எட்டுகிற கொப்பு. முந்தின நாள் மணப்பாட்டில் எல்லாரும் கிளம்புகிற நேரத்தில் அவன் பால் கேட்டு அழ, பாறைச் சந்தில் உட்கார்ந்து கொடுத்துக்கொண்டிருந்தாள், வேன் காத்து நின்றது. ‘அரை ஆம்பளைக்கு இன்னும் ஆகாரம் முடியலையா?’ என்று மூத்தார் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார். வைததுகூட இல்லை, சும்மா சொன்னார். அவளுக்குக் காது அடைத்துவிட்டது. மறுநாள் விடியலில் குளிக்கப்போகும்போது ஒரு கொத்து இலையை உருவிக்கொண்டு போனாள். குளியலறைத் தரையில் வைத்துச் செம்பின் அடியால் நசுக்கினாள். எல்லாத் தாய்களும் செய்கிறதுதான். அவள் அம்மா அவளுக்குச் செய்திருக்கிறாள், சிலர் கற்றாழை தடவுவார்கள், சிலர் வேப்பெண்ணெய். பிள்ளை ஒரு நாள் அழும், இரண்டு நாள் அழும், மறந்துவிடும். அழும் என்றுதானே எல்லாரும் சொன்னார்கள். அழாவிட்டால் என்ன செய்யவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. தடவிக்கொண்டு, மேலே துணியை இழுத்துவிட்டு, பக்கத்தில் படுத்திருந்த புருசனிடம்கூடச் சொல்லாமல் வேனில் ஏறி உட்கார்ந்தாள். வழியெல்லாம் மேலெல்லாம் பச்சையாக நாறுகிற மாதிரியே இருந்தது. ஊருக்குத் திரும்பின பிறகு பால் கட்டிக்கொண்டு நெஞ்சு கல்லாகக் கிடந்தபோது மல்லிகைப் பூவை வாங்கி வைத்துக் கட்டினாள். பூ வைத்தால் பால் வற்றும். தலைக்கு வாங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டு லிங்கராஜ் ஒரு நாள் கூடவே ஒரு முழம் வாங்கிவந்தான். அந்த வாசம் இப்போது வந்தாலும் குமட்டுகிறது. பால் வற்றியது. வற்றும்வரை அவன் ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால், ஒரு தடவை சேலையைப் பிடித்து இழுத்திருந்தால், ஓ என்று கத்திக் கொடுத்திருப்பாள். அவன் இழுக்கவில்லை. பழகினவன்தானே இழுப்பான்.

“இந்தா தேரி” என்றான் லிங்கராஜ்.

வீடே சிவந்துபோனது. சுவர், அன்னலெட்சுமியின் மூக்குத்தி, தரையில் சிந்திக் கிடந்த இலைகள், எல்லாவற்றிலும் அந்தச் செம்மை ஏறியது. “எய்யே, ரத்தம் மாதிரி!” என்று அன்னலெட்சுமி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். “நம்ம பக்கத்துலயா இருக்கு இது? அரபு தேசம் மாதிரில்லா இருக்கு.” பொற்கொடிக்கு உற்சாகம் வந்துவிட்டது. கடலிலிருந்து இந்தா என்கிற தூரம்தான் மதினி, பனைக்கூட்டம் தாண்டினதும் ரோடே முடிஞ்சுரும், அப்புறம் மண்ணுதான், செக்கச்செவேல்னு மேடு மேடா, நேத்து இருந்த மேடு இன்னைக்கு இருக்காதாம், காத்து தூக்கிட்டுப் போயி வேற எடத்துல வச்சிருமாம், கால வச்சா மொழங்கால் மட்டும் பொதையும், எடுத்தா தடம் இருக்காது, பாத்துக்கிட்டு இருக்கும்போதே மூடிரும். ஆமாம், மூடிவிடும். கனிக்கு அது தெரியும். சின்னத் தடம் இன்னும் சீக்கிரம் மூடும். படம் மாறியது. ரோட்டோரத்தில் வேன், வேனுக்குப் பக்கத்தில் தலையில் உடைமர விறகோடு ஒருத்தி. “இவளப் பாத்தியளா மதினி? இவகிட்டத்தான் வழி கேட்டோம். ஒரே பேச்சு.” கனி அவளை நிமிர்ந்து பார்த்தாள். படத்தில் சாதாரணப் பெண்ணாகத்தான் இருந்தாள், சும்மாட்டுக்கு மேலே விறகு, கழுத்தில் கறுப்புக் கயிறு. அன்றைக்கு இவன் வேனைச் சுற்றி ஓட, கனி பின்னாலேயே ‘எய்யா, எய்யா’ என்று போக, விறகுக்காரி கேட்டாள், பிள்ளைக்குப் பேர் இல்லையா தாயி? கனி சிரித்தாள். அவள் மாமனார் பேர், சொல்ல மாட்டாள் என்று பொற்கொடி விளக்கம் சொன்னாள். விறகுக்காரி சிரிக்கவில்லை. அதெல்லாம் ஒங்க ஊரோட வச்சுக்கோ. தேரில பிள்ளையப் பேர் சொல்லித்தான் கூப்பிடணும். பேர் இல்லாமக் கூப்பிட்டா யாரு வேணும்னாலும் ஏம்னு கேட்டுக்கிட்டு வந்துருவாக. சொல்லிவிட்டு விறகு கலையாமல் நடந்து போய்விட்டாள். மூத்தார் ‘ஊருக்கு ஒரு கதை’ என்றார். எல்லாரும் வேனை விட்டு இறங்கி மண்ணுக்குள் நடந்தார்கள்.

எல்லாரும் மேட்டில் ஏறிப் படம் எடுக்கப் போன நேரம். உச்சியில் சுள்ளென்று காய்ந்துகொண்டிருந்தது, அதன் பேரை அவள் மனசுக்குள்ளும் சொல்ல மாட்டாள். கொல்லாமரத்து நிழலில், அந்த முந்திரிக்கு இந்தப் பக்கமாக, யாருக்கும் தெரியாமல் உட்கார்ந்து அவனை மடியில் எடுத்தாள். காலையிலிருந்து தட்டிக் கழித்துக் கழித்து இருவருக்குமே பொறுக்கவில்லை. அவன் ஆவலாக வாயை வைத்தான். ஒரு மடக்கு. விட்டான். அழவில்லை. பச்சையாக எச்சில் துப்பினான். புறங்கையால் வாயைத் துடைத்தான், பெரிய மனுசன் துடைக்கிற மாதிரி. பிறகு முகத்தைப் பார்த்தான். மாரைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்தான், நெற்றி, கண், மூக்குத்தி, வாய் என்று ஒவ்வொன்றாக, வீடு மாறி நுழைந்துவிட்டோமா என்று சுற்றும்முற்றும் பார்க்கிற ஆள் மாதிரி. அப்போது அவள் கண்ணை எடுத்துக்கொண்டாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. திரும்பி உட்கார்ந்து முந்தானையால் அழுந்தத் துடைத்தாள், கொக்கியை மாட்டினாள், ஒரு கொக்கி மாட்டவில்லை, மேட்டிலிருந்து மூத்தார் குரல் கேட்டது, அவசரமாக மறுபடி மாட்டினாள். எவ்வளவு நேரம் இருக்கும்? ஒரு கொக்கி மாட்டுகிற நேரம். திரும்பினால் பக்கத்தில் மண்தான் இருந்தது. தடம் நாலைந்து தெரிந்தது, பனைப் பக்கமாகப் போனது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே காற்று அதைத் தேய்த்துவிட்டது. கத்தியிருக்க வேண்டும். எந்தத் தாயும் கத்தியிருப்பாள். வீட்டில் மூத்தார் முற்றத்தில் இருந்தால் அவள் தம்ளரைக்கூடச் சத்தமில்லாமல் வைப்பாள், அவர் முன்னால் ஒரு நாளும் குரல் உயர்ந்ததில்லை, தொண்டையே அப்படிப் பழகிவிட்டது. கத்தினால் எதைச் சொல்லிக் கத்துவாள்? அந்தப் பேரையா? எய்யா என்றாள். காற்று வாயிலேயே திருப்பித் திணித்தது. எய்யா, எய்யா என்று கிசுகிசுத்துக்கொண்டே, முழங்கால் புதையப் புதைய, பனைப் பக்கம் ஓடினாள், அங்கே இல்லை, வேறொரு மேடு ஏறினாள், இல்லை. எல்லா மேடும் ஒரே மாதிரி. சிவப்பு, சிவப்புக்கு மேலே ஒன்றுமில்லை. கடல் சத்தம் மட்டும் எங்கிருந்தோ வந்துகொண்டிருந்தது, மண்ணுக்குள் கிடந்து கடல் மூச்சு விடுகிற மாதிரி. பிறகு, போன பக்கத்தில் இல்லை, நேர் எதிர்ப்பக்கத்தில், ஒரு மேட்டின் மறைவில், முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரு கையிலிருந்து மறு கைக்கு மண்ணைக் கொட்டிக்கொண்டிருந்தான். எய்யா. மெதுவாகத் திரும்பினான். ஓடிவரவில்லை. எழுந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு, கையை நீட்டினான், கூட்டிப்போ என்கிற மாதிரி. கை சூடாக இருந்தது. அவனைக் கூட்டிக்கொண்டு போனாள். மேட்டில் இருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியாது. பிள்ளை காணாமல் போனதே தெரியாது. தெரியாதபோது, மாறி வந்திருக்கிறது என்று எப்படிச் சொல்ல? அவள்தான் பேர் சொல்லாமல் கூப்பிட்டாள். வந்துவிட்டது. கூப்பிட்டதற்கு வந்ததை வேண்டாம் என்று எப்படி விடுவாள்? சோறு போடுகிறாள், குளிப்பாட்டுகிறாள், மச்சத்தைப் பார்க்கிறாள். ராத்திரி சுவரைப் பார்த்துக் கிடக்கிற அந்த முதுகைப் பார்க்கும்போது, இன்னொருவன் அந்தக் கொல்லாமரத்தடிக்குத் திரும்பி வந்து நின்றுகொண்டிருக்கிறானோ, அம்மாவைக் காணோமே என்று, இந்நேரம் அங்கே காற்று வீசுமே, தடம் மூடிப்போயிருக்குமே.

“இந்தா பாருக்கா, கனி” என்றான் லிங்கராஜ்.

நிமிர்ந்துவிட்டாள். மேட்டுமேல் பொற்கொடியும் மூத்தாரும் நிற்க, தூரத்தில் கீழே ஒரு மரம், மரத்தடியில் கடுகளவு ஒருத்தி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, சிவப்பில் ஒரு நீலப் பொட்டு. அவன் சட்டை. போய்க்கொண்டிருக்கிறான். இந்தப் பக்கத்தைப் பார், எதிர்ப்பக்கத்தைப் பார், மேட்டு மறைவில் வேறொன்று உட்கார்ந்திருக்கிறதா, பார். “எங்கட்டி தெரியுத? எறும்பு மாதிரி இருக்க” என்று அன்னலெட்சுமி சிரித்தாள். லிங்கராஜ் தள்ளிவிட்டான். போய்விட்டது. நிறுத்துங்க என்று சொல்ல வாய் எடுத்தாள், குரல் வரவில்லை, மறுபடியும் வரவில்லை.

“எல்லாம் சரி, அந்தப் பாறைல கட்டியிருந்தியே ஒரு சேலை, அத இன்னொருக்காக் காட்டு” என்றாள் அன்னலெட்சுமி. லிங்கராஜ் பின்னோக்கித் தள்ளினான். சிவப்பு ஒவ்வொன்றாகக் கழிந்து மறுபடி நீலம் வந்தது. ரொம்பத் தள்ளிவிட்டான் போலிருக்கிறது, முன்னால் பார்க்காத ஒரு படம் வந்து நின்றது. பாறைச் சந்து. கனி. அவளுக்குத் தெரியாமல் எடுத்தது. முந்தானைக்குள் பிள்ளையின் தலை, வெளியே இரண்டு கால், ஒரு சின்னக் கை மேலே நீண்டு அவள் காதுமடலைப் பிடித்திருக்கிறது. அவள் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். முகத்தில் ஒரு கவலையும் இல்லை. இப்படியா இருந்தோம் என்று அவளுக்கே இருந்தது. “ஐயையோ, இத எதுக்குட்டி எடுத்த?” என்று அன்னலெட்சுமி பொற்கொடியை இடித்தாள். “அழகா இருந்துச்சு மதினி, எடுத்தேன்.” லிங்கராஜ் வெட்கப்பட்டுத் தள்ளப்போனான்.

வால்வு மூடிகள் தரையில் சிந்தின. சலசலவென்று எல்லாப் பக்கமும் உருண்டு ஓடின. அவன் மேசைக்குக் கீழேயிருந்து வெளியே வந்து, கழுத்தை அண்ணாந்து டிவியைப் பார்த்தான். எம்பி, கையை வைத்தான். கண்ணாடியில், அவள் முகத்தின்மேல்.

“அம்மா” என்றான்.

கனி அசையவில்லை. அந்தக் குரல்தான். ‘ம்’மில் கொஞ்சம் மூக்கடைத்த மாதிரி இழுக்கிற அந்த அம்மாதான். “ஆமாய்யா, அம்மாதான், கண்டுபிடிச்சுட்டானே எங்கய்யா” என்று அன்னலெட்சுமி அவனை இழுத்து மடியில் இருத்தப் பார்த்தாள், அவன் வழுகிப் போய் மறுபடி கண்ணாடியைத் தொட்டான். “அம்மா. அம்மா.” அது திரும்பிப் பார்க்குமா என்று பார்க்கிற மாதிரி. “அது அம்மான்னா, அப்ப இது யாருடா?” என்று அன்னலெட்சுமி விளையாட்டுக்கு அடுப்படி வாசலைக் காட்டினாள்.

அவன் திரும்பினான். கனியைப் பார்த்தான். அன்றைக்கு மரத்தடியில் பார்த்த அதே பார்வை, நெற்றி, கண், மூக்குத்தி, வாய். சொளகில் இருந்த பச்சையைப் பார்த்தான். அவள் விரலைப் பார்த்தான். ரொம்ப யோசித்துச் சொன்னான்.

“இது கசக்கும்.”

வீடு சிரிப்பால் கிடுகிடுத்தது. “போச்சு, ஆத்தா கசக்காளாம்!” என்றாள் பொற்கொடி. “கீரையச் சொல்லுதான்க்கா” என்றான் லிங்கராஜ். கீரையைச் சொல்கிறான் என்று அவர்கள் பேசிக்கொண்டிருந்தது கனிக்கு எங்கோ கேட்டது. குளியலறைத் தரையில் செம்பின் அடியில் வேப்பிலை நசுங்கிய சத்தம் கேட்டது. அது அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. புருசனுக்குத் தெரியாது. விறகுக்காரிக்குத் தெரியாது. தேரிக்குத் தெரியாது. மண்ணிலிருந்து எழுந்து வந்த எதற்கும் தெரிந்திருக்க வழியில்லை. மச்சத்தைப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம், சட்டையைப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம், ஒரு மடக்குக் கசப்பை எங்கே பார்த்து எடுக்கும்? அந்த வாய்க்குத்தான் தெரியும். அந்த ஒரு வாய்க்கு. அப்படியென்றால் இவன் எங்கேயும் போகவில்லை. இத்தனை நாளும் இந்த வீட்டில், அவள் பக்கத்திலேயே, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, தேரியில் தொலைந்துபோன அம்மா எப்போது வருவாள் என்று காத்துக்கிடந்திருக்கிறான். மாறி வந்தது யார் என்று அவனுக்கும் சந்தேகம். அவள் மச்சத்தைத் தேடின மாதிரி அவனும் அவள் முகத்தில் எதையோ தேடியிருக்கிறான். தண்ணித் தம்ளரை வைத்துவிட்டு நின்றது அதற்குத்தானா? வேறு வீட்டுப் பெண்ணிடம் கேட்கக் கூச்சப்பட்டா?

சொளகைத் தள்ளிவைத்தாள். எழுந்திருக்க முடியவில்லை, உட்கார்ந்தபடியே முன்னால் நகர்ந்தாள். இந்தத் தடவை தப்பாகக் கூப்பிடக் கூடாது. ஆயுசு குறையுமென்றால் என் ஆயுசில் எடுத்துக்கொள் என்று யாரிடமோ சொன்னாள்.

“வெயிலுமுத்து.”

சிரிப்பு நின்றுவிட்டது. அன்னலெட்சுமியின் கை வாய்க்குப் போனது. “ஏட்டி...” என்று பொற்கொடி தொடங்கி நிறுத்திக்கொண்டாள். லிங்கராஜ் செல்லைத் தாழ்த்திப் பிடித்து, பெண்டாட்டியை முதன்முதலாகப் பார்க்கிறவன் மாதிரி பார்த்தான். அவளுக்கு அவர்கள் யாரும் தெரியவில்லை. தன் குரல் இவ்வளவு சத்தமாக வரும் என்பதே அவளுக்கு அதிசயமாக இருந்தது.

“வெயிலுமுத்து. எய்யா வெயிலுமுத்து. வா.”

அவன் டிவியைப் பார்த்தான். பாறையில் இருந்தவள் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. உருண்டு கிடந்த மூடிகளை மிதித்துக்கொண்டு இவளிடம் நடந்து வந்தான். கொஞ்சம் தள்ளியே நின்றான். அவள் கையை நீட்டினாள். அதைப் பிடித்து, முருங்கைப் பச்சை ஏறியிருந்த விரலை மூக்குக்குக் கொண்டுபோய் முகர்ந்தான். நெற்றி சுருங்கியது. இழுத்துக்கொள்ளவேண்டும்போல் இருந்தது அவளுக்கு, இழுக்கவில்லை, கண்ணையும் எடுத்துக்கொள்ளவில்லை. நாக்கின் நுனியால் ஒரு தடவை தொட்டான். வாயை மூடிக்கொண்டான். கசப்பு வருகிறதா என்று, அவள் முகத்தைப் பார்த்தபடியே, காத்து நின்றான்.